ஜெசிந்தாவின் கைராசி

போனை எடுக்க மாட்டனுங்க. அடிச்சு அடிச்சு ஓயட்டும். எங்க வீட்டுக்காரர்தான், வேற யாரும் இல்ல. இன்னிக்கு அவங்க அக்கா மகளுக்குச் சீரு. மண்டபத்து வாசல்ல நின்னுட்டு, இவ எங்க போய்த் தொலைஞ்சான்னு தேடிட்டு இருப்பாரு. சொல்லலீங்க. எதுக்குச் சொல்லணும்? கொஞ்ச நாளா ஊட்டுல தர்மபுரி ஆஸ்பத்திரியத் தவிர நான் வேற பேச்சே பேசலை. ஒரு மனுசனுக்கு அதுலயே தெரிய வேண்டாமா, இவ எங்க போயிருப்பான்னு? அந்தப் பைய இப்படிக் குடுங்க, என் கால்கிட்ட வெச்சுக்கறேன். மடியில வெச்சுட்டு இந்த பஸ்ஸுல பெருந்துறை வரைக்கும் போனா உங்க முட்டி செத்துப்போகும்.

நான் என்ன வேலைங்கறீங்களா? கோயமுத்தூருல ஒரு கம்பெனிங்க. எடை கம்மியாப் பொறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெப்பாங்களே, பாத்திருப்பீங்க. அந்தப் பெட்டி செய்யறோம். கண்ணாடி மாட்டறவங்க வேற, ஹீட்டர் மாட்டறவங்க வேற. அதுக்குள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்குது, உள்ளங்கை அகலத்துக்கு. சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, குழந்தை மேல ஒட்டியிருக்கற ஒயரு என்ன சொல்லுது, எல்லாத்தையும் அதுதான் பாத்துக்கும். அந்த கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தற மொத்தத்தையும் கட்டி ஒரே பொட்டலமாக் குடுக்கறது என் வேலை. பொட்டலத்துக்கு இமேஜ்னு பேரு. கட்டறதுக்கு பில்டுன்னு பேரு. பில்டு கோகிலான்னா எங்க வாட்ச்மேனுக்கும் தெரியும். கோகிலவாணி எம் பேரு.

கோவமா? எனக்கா? இல்லவே இல்லீங்க. நடந்ததைச் சொல்றேன், அவ்வளவுதான். குரல் எனக்குப் பொறப்புலயே இப்படி.

கல்யாண மண்டபத்துச் சமையக்கட்டு பாத்திருப்பீங்கல்ல? ஒருத்தர் பருப்பு வேகவெக்கறாரு, ஒருத்தர் பொரியலுக்கு நறுக்கறாரு, ஒருத்தர் ரசம் வெக்கறாரு. ரசத்துக்குப் பருப்புத் தண்ணி வேணும். ஆனா ரசக்காரர்கிட்ட, 'பருப்பு வெந்த பொறவு நீ ஆரம்பி'ன்னு யாரும் சொல்லி வெக்கலை. சொல்லாட்டியும் நடக்குது. ஏன்னா எப்பவும் பருப்பு முன்னாடியே வெந்துருது. எல்லாரும் நல்லா சாப்பிட்டுட்டுப் போறாங்க. ஒரு நாளு பருப்பு அடுப்புல கேஸு கம்மியாயிருது. ரசக்காரர் வந்து பாக்கறாரு, பாத்திரம் காலி. நல்ல ஆளா இருந்தா, 'பருப்புத் தண்ணி எங்கடா'ன்னு கத்துவாரு. வேலை நின்னு போகும், ஆனா கோளாறு வெளிய தெரிஞ்சுரும். பொல்லாத ஆளா இருந்தா, வெறும் புளித்தண்ணியக் கொதிக்கவெச்சு ரசம்னு பந்திக்கு அனுப்பிருவாரு.

எங்க பில்டும் இதேதானுங்க. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு ரெசிப்பி. நெசமாவே அதுக்குப் பேரு ரெசிப்பிதான், நான் வெச்ச பேரு இல்ல. எந்த ரெசிப்பி எதுக்காகக் காத்திருக்கணும்னு அதுக்குள்ளயே எழுதணும். எழுத மறந்துட்டா, யாரு முந்தறாங்களோ அவங்க இஷ்டம். அதுக்கு ரேஸ் கண்டிஷன்னு பேரு வெச்சிருக்காங்க. பந்தயம். இன்னிக்குப் பருப்பு முந்தும், நாளைக்கு ரசம் முந்தும். பில்டு ஓட்டற பெரிய கம்ப்யூட்டரு இருக்குது, சர்வரும்பாங்க; பழைய சர்வர் இருந்த வரைக்கும் ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுன்னு செஞ்சுச்சு, தப்பு வெளிய தெரியலை. புதுசா வந்த சர்வருக்கு ஏகப்பட்ட அடுப்பு. எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஏத்தும்.

அது வந்த அன்னிக்கு எங்க மொதலாளி கெங்குசாமி சார் பூசை போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சு, எலுமிச்சம்பழம் கட்டி, பெரிய அமர்க்களம். மேனேஜர் சுந்தரவடிவேல் சார் பட்டனை அழுத்துனாரு. கொஞ்ச நேரத்துல செவப்பு. பில்டு படுத்துருச்சு. 'மறுக்கா ஓட்டு'ன்னாரு. மறுக்கா ஓட்டுனாங்க, பச்சை. அன்னிக்குப் புடிச்ச வியாதிங்க எங்க ஆபீசுக்கு. செவப்பு வந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. மறுக்கா ஓட்டு. நான் ஒருத்தி மட்டும் ஏன் ஏன்னு கேட்டுட்டுத் திரிவேன். 'மேடம், பச்சை வந்துருச்சுல்ல, விடுங்க'ம்பாரு சுந்தரவடிவேல். உங்க மக பரிச்சையில ஒரு நாளு பெயில், அதே பரிச்சைய மறு நாளு எழுதி பாஸு, படிக்காமலே. சந்தோசப்படுவீங்களா நீங்க? சொல்லுங்க.

இதுல ஜெசிந்தா எங்க வந்தாங்கறீங்களா? அவ எங்க ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு. போன் எடுக்கறது, கூரியர் வாங்கறது, லாரிக்குப் பேப்பர் போடறது. தங்கமான பிள்ளைதான், ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா யாரு வேணா அதட்டலாம் அவளை. கூரியர் லேட்டா, ஜெசிந்தாவைத் திட்டு. லிப்ட் ஓடலையா, அதுக்கும் ஜெசிந்தாவைத் திட்டு. சுந்தரவடிவேல் அவளைப் பேரு சொல்லியே கூப்பிட மாட்டாரு. 'ஏ பொண்ணு'ம்பாரு. ஒரு நாளு பில்டு நாலஞ்சு தடவை படுத்துருச்சு. எல்லாரும் சலிச்சுப்போய் டீ குடிக்கப் போயிட்டாங்க. இவ ஏதோ பார்சலோட உள்ள வந்தா. மொதலாளி வெளையாட்டுக்கு, 'அம்மிணி, நீதான் ஒருக்கா அழுத்து பாக்கலாம்'னாரு. அழுத்துனா. பச்சை.

அடுத்த பில்டுக்கும் அவளைக் கூப்பிட்டாரு, பச்சை. அதுக்கடுத்ததும் பச்சை. அவ்வளவுதான். 'புள்ளைக்குக் கைராசி'ன்னுட்டாரு மொதலாளி. அதுக்குப் பொறவு ஆஸ்பத்திரிக்குப் போற எந்த பில்டும் அவ கை படாம ஓடாது. வேதக்காரப் பிள்ளை, கழுத்துல சிலுவை போட்டிருக்கும். குங்குமம் வெச்ச சர்வரு முன்னாடி நின்னு அழுத்தும். இவரு பக்கத்துல சூடத்தட்டோட நிப்பாரு. சிரிக்காதீங்க, நான் வேலை செஞ்ச எடம் அது. சுந்தரவடிவேலே 'வாம்மா ஜெசிந்தா'ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாரு. ஆயுத பூசைக்கு அவளுக்குத் தனியாப் பட்டுச்சேலை. எனக்கு எல்லாத்துக்கும் குடுத்த அதே காராபூந்திப் பொட்டலம். சேலைக்காகச் சொல்லலீங்க. பொறி பறக்கப் பறக்க வேலை செய்யறவ நானு, ராசி அவளுக்கான்னு கேக்கறேன்.

நான் உக்காந்து கண்டுபுடிச்சேன், அது என்ன ராசின்னு. அவளைக் கூப்பிடறது எப்பவும் டீ நேரத்துல. அந்நேரம் எல்லாரும் கேண்டீன்ல இருப்பாங்க. சர்வர்ல வேற யாரு வேலையும் ஓடாது. ஆக, மெதுவா நடக்கற ரெசிப்பியும் சட்டுனு முடிஞ்சுருது. எந்த ரெசிப்பி? சத்த ரெசிப்பி. பெட்டியில ஏதாவது கோளாறுன்னா கத்தும் பாருங்க, அந்த அலாரம் சத்தம். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் அவங்க கேட்ட மொழி, கேட்ட சத்தம்னு தனித்தனியா இமேஜ் கட்டுவோம். சத்தத்தை மாத்தி எடுத்து ஒரு எடத்துல வெக்கறது ஒரு ரெசிப்பி. அங்கிருந்து அதை எடுத்துப் பெட்டிக்குள்ள சேர்க்கறது அலாரம் ரெசிப்பி. இது அதுக்காகக் காத்திருக்கணும்னு எவனும் எழுதலை. பருப்பு, ரசம். புரிஞ்சுதுங்களா? டீ நேரத்துல அழுத்துனா நான் அழுத்துனாலும் பச்சைதான். நீங்க அழுத்துனாலும் பச்சைதான். போய்ச் சொன்னேன். மொதலாளி என்ன சொன்னாரு தெரியுங்களா? 'அப்ப டீ நேரமே நல்ல நேரம்னு வெச்சுக்கலாம்மா'ங்கறாரு.

இதோ மறுக்கா அடிக்கறாரு பாருங்க. அடிக்கட்டும். காத்திருந்தா என்ன கொறஞ்சா போயிருவாரு?

எங்க விட்டேன்? ஆங். ஒரு நாளு கணக்குத் தணிக்கைக்கு ஆளுங்க வந்துட்டாங்க. டீ நேரத்துலயும் எல்லாரும் சீட்டை விட்டு எந்திரிக்கலை, சர்வர் மூச்சு முட்டிட்டு ஓடுது. ஜெசிந்தா அழுத்துனா. செவப்பு. மொதலாளி அவ கையப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, ஏதோ காயம் பட்ட மாதிரி. அவ மொகம் சுண்டிப்போச்சு. சுந்தரவடிவேலுக்கு மானம் போயிருச்சு. அன்னிக்கு அவரு ஒரு வேலை செஞ்சாரு. அலாரம் ரெசிப்பியத் தொறந்து, 'சத்தம் இருந்தா எடுத்துக்கோ, இல்லாட்டிப் பரவால்ல, போயிட்டே இரு'ன்னு எழுதி வெச்சுட்டாரு. கத்திட்டு இருந்த ரசக்காரர் வாயில துணிய அடைச்ச மாதிரி. அதுக்குப் பொறவு செவப்பே இல்ல. எப்ப அழுத்துனாலும் பச்சை. ஜெசிந்தா கைக்கு ராசி திரும்பி வந்துருச்சுன்னு கேசரி கிண்டுனாங்க. நானும் தின்னேன். அந்த மாத்தம் எனக்குத் தெரியாதுங்க அப்ப. என்கிட்டக் கேக்காமலே பண்ணியிருக்காரு.

அப்பறம் ஒரு நாளு ஜெசிந்தா ஓடி வந்தா. 'அக்கா, தர்மபுரிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில இருந்து நர்ஸம்மா பேசறாங்க. பெட்டி கத்தலையாம்.' போனை வாங்கிக் கேட்டேன். குழந்தை மேல ஒட்டியிருந்த ஒயரு கழண்டுருக்குது. ஒயரு கழண்டா பெட்டிக்குக் குழந்தை எவ்வளவு சூடா இருக்குதுன்னு தெரியாது. அது பாட்டுக்கு ஹீட்டரை ஏத்திட்டே போயிருக்குது. செவப்பு லைட்டு எரிஞ்சிருக்குது, சத்தம் வரலை. நர்ஸம்மா அந்தப் பக்கம் திரும்பி வேற குழந்தைக்கு ஊசி போட்டுட்டு இருந்தாங்களாம். பக்கத்துப் பெட்டிக் குழந்தையோட அம்மா லைட்டைப் பாத்துட்டுச் சொல்லியிருக்குது. குழந்தைக்கு ஒண்ணும் ஆகலீங்க. சத்தியமா ஒண்ணும் ஆகலை, பயந்துக்காதீங்க.

அந்த ஆஸ்பத்திரிக்குப் போன இமேஜைத் தொறந்து பாத்தேன். சத்தம் இருக்க வேண்டிய எடம் காலி. தொடச்சு வெச்ச பாத்திரம் மாதிரி காலி. பச்சையில போன பில்டு, ஜெசிந்தா அழுத்துன பில்டு. அவ என் முதுகுக்குப் பின்னாடியே நின்னுட்டு இருந்தா. 'என்னக்கா, என்னக்கா'ன்னு கேட்டுட்டே இருந்தா. போய் வேலையப் பாருடீன்னு அனுப்பிட்டேன். அவளுக்கு இதெல்லாம் என்ன புரியப்போகுது.

சுந்தரவடிவேல்கிட்டப் போனேன். 'வால்யூம் கொறச்சு வெச்சிருப்பாங்க மேடம். அடுத்த மாசம் பாத்துக்கலாம்'னாரு. அடுத்த மாசமா! வெள்ளிக்கிழமை ஒரு பெரிய ஆர்டர் போகுது, பல ஆஸ்பத்திரிக்கு. விடலை நானு. சண்டை போட்டேன். கடைசியில, 'சரி, அலாரம் ரெசிப்பிய அஞ்சு நிமிசம் தூங்க வெக்கலாம், அதுக்குள்ள சத்தம் வந்துரும்'னாரு. நெசமாவே அப்படி ஒண்ணு எழுதலாமுங்க, தூங்குன்னு. நான் கேட்டேன், 'சர்வர் அன்னிக்கு ஆறு நிமிசம் எடுத்துட்டா?' காத்திருக்கறது தப்பில்லீங்க. யாருக்காகக் காத்திருக்கறோம்னு தெரியாம காத்திருக்கறதுதான் தப்பு. அதை வாயத் தொறந்து சொல்லி வெக்கணும். ஒரே ஒரு வரி. 'சத்தம் முடிஞ்ச பொறவுதான் நான்.' அதை எழுத விட மாட்டேங்கறாரு. ஏன்னா எழுதுனா, அவரு அடைச்ச துணிய எடுக்கணும். எடுத்தா, யாரு அடைச்சதுன்னு மொதலாளி கேப்பாரு.

அதனால எல்லாரையும் கூட்டி வெச்சு நிரூபிச்சுக் காட்டறேன்னு சொன்னேன். மொதலாளி, சுந்தரவடிவேல், டெஸ்டிங் ஆளுங்க, எல்லாரும் வந்தாங்க. ஒரு பெட்டியைக் கொண்டு வந்து மேசை மேல வெச்சேன். சத்த ரெசிப்பிய மட்டும் வேணும்னே கொஞ்சம் மெதுவாக்குனேன். பருப்பு அடுப்பைக் கொறச்சு வெக்கற மாதிரி, அவ்வளவுதான். வேற எதையும் தொடலை. யாரு அழுத்தறதுன்னாங்க. 'உங்க கைராசிக்காரியே அழுத்தட்டும்'னேன். டீ நேரமாப் பாத்து, சூடத்தட்டோட, அவங்க சொன்ன சாங்கியம் ஒண்ணு விடலை. ஜெசிந்தா அழுத்துனா. பச்சை வந்துச்சு. கை தட்டுனாங்க. அந்த இமேஜைப் பெட்டியில ஏத்தி, குழந்தை மேல ஒட்டற ஒயரைப் புடுங்குனேன்.

செவப்பு லைட்டு. அவ்வளவுதான். ஒரு சத்தம் இல்ல. அத்தனை பேரு நின்ன ரூம்ல பேன் சுத்தற சத்தம் மட்டும் கேக்குது. நான் சொன்னேன், 'பாத்துக்கோங்க. இவ கையில ராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இவ அழுத்தி அனுப்புன பெட்டிதான் தர்மபுரியில வாயடைச்சு நிக்குது'ன்னு. நெசத்தைத்தானே சொன்னேன்? அவ பொசுக்குனு அழுதுட்டு வெளிய ஓடிட்டா. எதுக்கு அழுதான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலீங்க. அவ மேல தப்பே இல்லைன்னுதானே நான் நிரூபிச்சேன்!

சுந்தரவடிவேல் என்ன சொன்னாரு தெரியுங்களா? 'நீங்களே உடைச்சுட்டு, உடைஞ்சிருக்குன்னு காட்டறீங்க மேடம்.' மொதலாளி தாடையத் தடவுனாரு. 'வெள்ளிக்கிழமை நல்ல நேரத்துல ஆர்டர் போகட்டும்மா. அப்பறம் உன் வரிய எழுதிக்கலாம்.' நான் சொன்னேன், 'சார், நான் ஓகே சொன்னாத்தான் இமேஜ் போகும். நான் சொல்ல மாட்டேன்.' 'நீ சொல்லாட்டி சுந்தரவடிவேல் சொல்லுவாரு'ன்னாரு. கழுத்துல இருந்த கம்பெனி அட்டையக் கழட்டி மேசை மேல வெச்சுட்டேன். போங்கய்யா நீங்களும் உங்க நல்ல நேரமும்னு வந்துட்டேன். பதிமூணு வருச வேலைங்க. வேலைய விட்டதை ஊட்டுல சொல்லலை. சொன்னா சமாதானம் பேசுவாரு, எனக்குச் சமாதானம் ஆகாது.

ஆனா வெள்ளிக்கிழமை மறுக்காப் போனேன். எப்படிப் போகாம இருக்கறது? வாட்ச்மேன் தடுக்கப் பாத்தாரு. 'டிபன் பாக்ஸ் உள்ள இருக்குது'ன்னுட்டு நுழைஞ்சேன். கீழ லாரி நிக்குது. மேல சர்வரு முன்னாடி தேங்காய், பழம், சூடம். வேற வழி இல்லைன்னா அந்த சர்வர் ஒயரையே புடுங்கறதுன்னு முடிவு பண்ணித்தான் நின்னேன். போலீசுக்குப் போனாலும் போகட்டும். 'வாம்மா ஜெசிந்தா, அழுத்து'ன்னாரு மொதலாளி.

அவ கையப் பின்னால கட்டிட்டா.

'மாட்டேன் சார்.'

'என்னம்மா, நேரம் போகுது பாரு.'

'என் கை வராது சார். மனசு ஒப்பலை.'

'ஏ பொண்ணு, அழுத்துன்னா அழுத்து'ன்னு சுந்தரவடிவேல் அதட்டுனாரு. அவ கைய முன்னால கொண்டு வரலை. சரி, நானே அழுத்தறேன்னு அவரு கைய நீட்டுனாரு. மொதலாளி அவரு மணிக்கட்டைப் புடிச்சுட்டாருங்க! 'இரும்யா. ராசிக்காரப் பிள்ளையே மாட்டேங்குது. அதை மீறி எவன் கை வெப்பான்?' லாரிக்காரனை எறங்கச் சொல்லிட்டாரு. சூடத்தை அணைச்சுட்டாரு. ஆர்டர் நின்னுருச்சு. அப்படியே நின்னுருச்சுங்க.

எனக்கு எப்படி இருக்கும்? சொல்லுங்க. நான் காரணம் சொன்னேன், கண்ணு முன்னால காட்டுனேன், வேலைய விட்டேன். எவனும் அசையலை. அவ கை வராதுன்னு ஒரு வார்த்தை சொன்னா, லாரி நிக்குது! இந்தப் படிப்பெல்லாம் நான் எதுக்குப் படிச்சேன்? 'என்னம்மா பண்ணலாம்'னு அவகிட்ட மொதலாளி கேக்கறாரு, சாமி வந்தவங்ககிட்டக் குறி கேக்கற மாதிரி. அவ என்னைக் கைகாட்டி, 'அக்காகிட்டக் கேளுங்க சார்'னா. பயந்துட்டா பாவம், தப்பிக்கறதுக்கு என் பக்கம் தள்ளி விட்டுட்டா.

உக்காந்தேன். துணிய உருவிப் போட்டேன். ஒரு வரி எழுதுனேன். 'இதை யாரு எழுதுனது'ன்னு மொதலாளி அந்தப் பழைய மாத்தத்தைக் காட்டிக் கேட்டாரு. அதுலயே பேரு இருக்குது படிங்க சார்னேன். சுந்தரவடிவேல் சன்னல் வழியா லாரியப் பாத்துட்டு நின்னாரு. சத்த ரெசிப்பிய முன்ன விட மெதுவாக்கி விட்டு, 'இப்ப யாரு வேணா அழுத்துங்க'ன்னேன். யாரும் வரலை. ஜெசிந்தா வந்தா. அலாரம் ரெசிப்பி கையக் கட்டிட்டுக் காத்துட்டே இருந்துச்சு, சத்தம் முடியற வரைக்கும். பச்சை. பெட்டியில ஏத்தி ஒயரைப் புடுங்குனேன். கத்துச்சு பாருங்க, கீழ லாரிக்காரன் மேல ஓடி வந்துட்டான். மொதலாளி என்ன சொல்லணும்? 'கோகிலா, நீ சொன்னதுதாம்மா சரி'ன்னு சொல்லணுமா இல்லையா? 'பாத்தியா, ஜெசிந்தா கைன்னா ஜெசிந்தா கைதான்'ங்கறாரு! என் அட்டைய எடுத்து நீட்டுனாரு. வாங்கிப் பையில போட்டேன். கழுத்துல மாட்டலை. மறுக்கா ஓட்டுங்கற பேச்சு அந்த ஆபீசுல நிக்கட்டும், அப்பறம் மாட்டறேன்.

மத்த ஆஸ்பத்திரிக்குப் போன இமேஜை எல்லாம் தொறந்து பாத்துட்டேன், சத்தம் இருக்குது. தர்மபுரிக்கு அடுத்த வாரம் சர்வீஸ் ஆளை அனுப்பலாம்னாரு மொதலாளி. அடுத்த வாரமா? அது வரைக்கும் அங்க குழந்தை பொறக்காதா? இன்னிக்கு மொதல் பஸ்ஸுல நானே கெளம்பிப் போனேன், அங்கிருந்துதான் இப்பத் திரும்பறேன். ஜெசிந்தா நேத்தே, 'நானும் வர்றனுங்கக்கா'ன்னா. 'நீ வந்து என்னடி பண்ணப்போற, கைராசிக்கா?'ன்னு கேட்டேன். போயிட்டா.

வார்டுல இருந்த பெட்டி ஒவ்வொண்ணுக்கும் புது இமேஜை ஏத்துனேன். குழந்தைய வேற பெட்டிக்கு மாத்தி, காலிப் பெட்டியிலதான். ஒவ்வொண்ணுலயும் ஒயரைப் புடுங்கிப் பாத்தேன். ஐயோ, அந்தச் சத்தத்தை நீங்க கேக்கணும். ஒரு குழந்தை வீல்னு எந்திரிச்சுச்சு, அதைப் பாத்து இன்னொண்ணு, அப்பறம் எல்லாம். நர்ஸம்மா ஓடி வந்து, 'அறிவிருக்கா உனக்கு, இப்பத்தான் தூங்க வெச்சேன், நிறுத்து அதை'ன்னு வாங்கு வாங்குன்னு வாங்குனாங்க. நான் சிரிச்சுட்டே நின்னேன். கண்ணுல தண்ணி வேற. 'திட்டுங்கம்மா, நல்லாத் திட்டுங்க'ன்னேன். இத்தனை வருசத்துல நான் கட்டுன ஒரு பொட்டலம் எங்க போய் என்ன பண்ணுதுன்னு இன்னிக்குத்தான் பாக்கறேன். நெம்ப சந்தோசமா இருந்துச்சுங்க. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.

என்னங்க? என்ன சொன்னீங்க?

அந்தப் பொண்ணு தெரிஞ்சுதான் சொல்லியிருக்கும்ங்கறீங்களா? அட, போங்க நீங்க வேற. அவளுக்கு என்ன தெரியும்? ரெசிப்பியா தெரியும், சர்வரா தெரியும்? சும்மா பயத்துல கை வராதுன்னா.

இல்ல... அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாளு ஊட்டுக்கு வந்தா. நான்தான் வேலைய விட்டுட்டேனே, டிபன் பாக்ஸைக் குடுக்கறேன்னு வந்தா. ஆமா, டிபன் பாக்ஸ் ஊட்டுலதான் இருந்துச்சு, வாட்ச்மேன்கிட்டப் பொய்தான் சொன்னேன். வாசல்லயே நின்னுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா. 'அக்கா, பெட்டி கத்தலைன்னா, குழந்தை கத்துமில்ல?'ன்னா. நான், 'சூடு ஏறுனா குழந்தை கத்தாதுடி. துவண்டு போயிரும்'னேன். 'நான் மாட்டேன்னு சொன்னா என்ன ஆகும்?'னு கேட்டா. 'உன்னை யாருடி கேக்கப்போறா'ன்னுட்டுக் கதவைச் சாத்திட்டேன்.

ஆமாங்க. நான்தான் அப்படிச் சொன்னேன்.

மாட்டேன்னு சொன்னதுக்கு மொதலாளி அவளை வேலைய விட்டே தூக்கியிருக்கலாம். கைராசின்னு பேரு இருந்ததால தப்பிச்சா. இல்லாட்டி அவளுக்கு அங்க என்ன மதிப்பு இருந்துச்சு? அந்த மதிப்பையும் நான் அத்தனை பேரு முன்னாடி... சரி. சரிங்க. நீங்க அப்படிப் பாக்காதீங்க என்னை. அந்த வரிய எழுதுனது நானு. அதுல மாத்தம் இல்ல. நான் எழுதலைன்னா லாரி நின்னும் ஒண்ணும் ஆகியிருக்காது. அதையும் சொல்லோணுமில்ல?

பெருந்துறை வந்துருச்சா? இருங்க, பையை எடுத்துத் தர்றேன். பாத்து எறங்குங்க. ஒரு நிமிசம், போனு போகுது.

ஜெசி, நான்தாண்டி. பஸ்ஸுல இருக்கறேன். சத்தம் வந்துருச்சு, எல்லாப் பெட்டியிலயும் வந்துருச்சு, வார்டே எந்திரிச்சு உக்காந்துருச்சு. ஏய், அழுவாத. எதுக்கு இப்ப அழுவற? இங்க பாரு, கைராசின்னு மட்டும் ஆரம்பிச்சே, எனக்குக் கெட்ட கோவம் வரும். உன் கையில ஒண்ணும் இல்லடி, நான் அன்னிக்குச் சொன்னது சொன்னதுதான். மாட்டேன்னு சொன்னே பாரு. அதுதாண்டி.